நனைந்த மடிக்கணினியும் நான் சொன்ன பொய்யும்

வேலையை விட்ட பிறகும் என்னால் ஓர் இடத்தில் உட்கார்ந்து நிம்மதியாகத் தேநீர் குடிக்க முடிவதில்லை. போன மாதம் உப்புவெளிக் கடற்கரையில் ஒரு விருந்தினர் விடுதியின் முற்றத்தில் இருந்தேன். பக்கத்து மேசையில் ஓர் இளம்பெண் மடிக்கணினியைத் திறந்து வைத்து எதையோ வேகமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். வலது முழங்கைக்குப் பக்கத்தில் விளிம்பு முட்ட நிரம்பிய பால்தேநீர். சார்ஜர் வயர் ஆட்கள் நடக்கும் வழிக்குக் குறுக்கே இழுபட்டுக் கிடந்தது. கடற்காற்று நேரே முகத்தில் அடித்தது. நான் மூன்று தரம் எழும்பி மூன்று தரமும் திரும்ப உட்கார்ந்தேன். நான்காம் தரம் போய், "பிள்ளை, அந்தக் கோப்பையை மற்றப் பக்கம் வையுங்கோ" என்று சொல்லிவிட்டேன். யார் இந்தக் கிழவன் என்பது போல என்னைப் பார்த்தாள். ஆனால் கோப்பையை நகர்த்தினாள். அதற்குப் பிறகுதான் என்னுடைய தேநீர் தொண்டைக்குள் இறங்கியது.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் நீங்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். சிரியுங்கள். இன்னும் இருபது வருடம் போனால் உங்களுக்கும் இதே நிலைதான்.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய தெருவில் இருபத்தாறு வருடம் கணினி திருத்தும் கடை நடத்தினேன். உப்புக்காற்று இந்த ஊரில் எல்லாவற்றையும் தின்னும். பூட்டைத் தின்னும், சைக்கிள் சங்கிலியைத் தின்னும், மடிக்கணினியின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத செப்புக் கோடுகளையும் தின்னும். அதை விட்டால் கடல்மணல், எறும்பு, பல்லி முட்டை. திரையில் பிடித்துத் தூக்குகிறவர்கள், விசைப்பலகையில் பேனாவை மறந்து மூடிவிடுகிறவர்கள், மெத்தையில் வைத்து வேலை செய்து காற்றுப் போகும் ஓட்டைகளை அடைத்துவிடுகிறவர்கள். இவற்றை எப்படித் திருத்துவதென்று நான் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அதையெல்லாம் நீங்கள் காணொளி பார்த்தே என்னை விடக் கெதியாகப் படித்துவிடுகிறீர்கள்.

காணொளியில் வராத ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன். கணினிக்கு ஆபத்து தண்ணீரிலிருந்தும் தூசியிலிருந்தும் மட்டும் வருவதில்லை. திருத்துகிறவனின் அவசரத்திலிருந்தும் வரும். என்னுடைய கையிலிருந்தே ஒருமுறை வந்தது.

கிண்ணியாவிலிருந்து ஒரு வியாபாரி நனைந்த மடிக்கணினியை அரிசிச் சாக்குக்குள் மூன்று நாள் புதைத்து வைத்துவிட்டுக் கொண்டுவந்தார். கழற்றினால் துளைகளுக்குள் எல்லாம் சம்பா அரிசி. நானும் என்னோடு வேலை செய்த நிஸாமும் அவர் போன பிறகு வயிறு நோகச் சிரித்தோம். அது ஒரு திங்கட்கிழமை. மற்றவர்களின் அறியாமையைப் பார்த்துச் சிரிக்க எனக்கு இருந்த உரிமை புதன்கிழமை காலையோடு முடிந்துபோனது.

வாடைக்காற்று தொடங்கியிருந்த காலம். காலை பத்து மணியிருக்கும். கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒருவர் தன் பேருக்கு வந்த விமான டிக்கெட்டை அச்செடுக்க வேண்டும் என்று நிமிடத்துக்கு ஒரு தரம் மணிக்கூட்டைக் காட்டினார். தொலைபேசி விடாமல் அடித்தது. அந்த நேரத்தில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உள்ளே வந்தார். சேலை முழங்கால் வரை நனைந்து காலில் ஒட்டியிருந்தது. மடிக்கணினியை விரித்துக் கூடாரம் போலக் கவிழ்த்து, இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்தபடி வந்தார். கதவை முதுகால் தள்ளித் திறந்தார்.

"அண்ணை, கடல் தண்ணி பட்டிட்டுது. உடன நிப்பாட்டினனான். அதுக்குப் பிறகு பட்டனில கை வைக்கவேயில்லை."

அவர் பெயர் சுகந்தி. ஊர் இலங்கைத்துறை. அங்குள்ள கிராமச் சங்கத்தின் செயலாளர். ஊரிலிருந்து பஸ்ஸில் மூதூர் வந்து, அங்கிருந்து படகு ஏறியிருக்கிறார். படகில் ஒரு பட்டியலைத் திருத்துவதற்காக மடியில் கணினியைத் திறந்திருக்கிறார். காற்று படகின் பக்கவாட்டில் அடிக்க, ஒரு அலை உள்ளே விழுந்து விசைப்பலகை முழுவதும் தண்ணீர். உடனே அணைத்துக் கவிழ்த்துப் பிடித்தவர், இறங்குதுறை வரும்வரை அப்படியே இருந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் வாங்கி வைத்திருக்கிறேன் என்று கேட்டும் கொடுக்கவில்லை. துறையிலிருந்து கடை வரைக்கும் முச்சக்கர வண்டியில்கூட ஏறாமல், குலுங்கும் என்று நடந்தே வந்திருக்கிறார்.

"இதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டேன். எனக்கு உண்மையாகவே ஆச்சரியம்.

"நீங்கள்தான். போன முறை சார்ஜர் வாங்க வந்தநேரம் உந்தச் சுவரில வாசிச்சனான்."

திரும்பிப் பார்த்தேன். என் கையெழுத்தில் நான் ஒட்டிய காகிதம்தான். நனைந்தால் உடனே அணைக்கவும். கவிழ்த்துப் பிடிக்கவும். மறுபடி போட்டுப் பார்க்க வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். அந்த ஊரில் முப்பத்தெட்டுக் குடும்பங்களின் காணிப் பத்திரங்கள். இடம்பெயர்ந்தபோது தொலைந்தவை போக, கறையான் அரித்தவை போக மிஞ்சியவற்றை அவர் இரண்டு வருடமாக வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்திருக்கிறார். சிலவற்றை வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். படம் எடுத்த பிறகு வந்த வெள்ளத்தில் சில வீடுகளில் மூலப் பத்திரமும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை அவர்கள் பகுதியில் காணி விசாரணை, பத்திரம் காட்டினால்தான் காணி உறுதியாகும். எல்லாவற்றையும் அச்செடுக்கத்தான் நகரத்துக்கு வந்திருக்கிறார்.

"வேற எங்கயாவது இதின்ர கொப்பி இருக்கோ, தங்கச்சி?"

"இல்லை அண்ணை. இருந்த பென்டிரைவ் பழுதாப் போச்சு. இண்டைக்குப் புதுசு ஒண்டு வாங்குவம் எண்டுதான் காசு கொண்டந்தனான்."

அவரின் விரல்கள் விளிம்பைப் பிடித்த மாதிரியே மடங்கி நின்றன, அவ்வளவு நேரம் ஒரே நிலையில் பிடித்ததால். கடைக்குப் பின்னால் குழாய் இருக்கிறது, கைகால் கழுவிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

இனி நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். அந்த இரண்டு நிமிடத்தை நான் பல நூறு தடவை திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

கணினியைத் துணியால் துடைத்தேன். ஊதும் கருவியால் விசைப்பலகையின் மேல் கொஞ்சம் காற்று அடித்தேன். தொலைபேசி அடித்தது. விமான டிக்கெட்காரர் மேசையில் விரலால் தட்டினார். வெளியில் பார்க்கக் காய்ந்துதான் இருந்தது. அணைத்துத்தானே கொண்டுவந்தார், உள்ளே அவ்வளவாகப் போயிருக்காது, ஒருதரம் போட்டுப் பார்த்தால் பாவம் அந்தப் பெண்ணுக்கு உடனே ஒரு நல்ல செய்தி சொல்லலாம் என்று நினைத்தேன். உதவி செய்யும் ஆசைதான். ஆனால் அந்த ஆசைக்குள்ளே அவசரமும் இருந்தது. அதற்குள்ளே, என் கைக்கு எல்லாம் கேட்கும் என்கிற திமிரும் இருந்தது. பட்டனை அழுத்தினேன்.

வெளிச்சம் வந்தது. விசிறி அரைச் சுற்றுச் சுற்றியது. உள்ளே நெற்பொரி வெடித்தது போல மெல்லிய சத்தம் ஒன்று. எரிந்த மணம் வந்தது. எல்லாம் அணைந்தது.

எதிர் மேசையில் நிஸாம் தலையை நிமிர்த்தினார். எங்கள் கண்கள் சந்தித்தன. அவர் கையிலிருந்த வேலையை மெல்லக் கீழே வைத்தார்.

சுகந்தி ஈரக் கைகளைச் சேலையில் துடைத்தபடி உள்ளே வந்தார். "என்ன மாதிரி அண்ணை?"

"உப்புத்தண்ணி நல்லா உள்ளுக்குப் போயிட்டுது" என்றேன். "படகிலயே போயிருக்கும். இது உப்புத்தண்ணியின்ர வேலை."

எவ்வளவு இலகுவாக வந்தது அந்தப் பொய். குரல் நடுங்கவில்லை. வாடிக்கையாளருக்கு ஆறுதல் சொல்லும் அதே குரல். அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. தன்னையே சந்தேகப்பட்டார். "நான் படகில திறந்திருக்கக்கூடாது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அதற்கும் நான் வாய் திறக்கவில்லை.

காத்திருந்தவர்களில் இரண்டு பேரைப் பின்னேரம் வரச் சொல்லி அனுப்பினேன். டிக்கெட்காரரை அடுத்த கடைக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

நிஸாம் அடிப்பக்கத்தைக் கழற்றினார். முதலில் பட்டரியின் இணைப்பைப் பிடுங்கினார். உள்ளே உப்பு ஏற்கெனவே வெள்ளையாகப் பூக்கத் தொடங்கியிருந்தது. கோப்புகள் இருக்கும் பாகம், விரல் அளவான மெல்லிய பலகை, அதன் ஓரத்திலும் ஈரம். அதைக் கழற்றி வேறு கணினியில் பொருத்திப் பார்ப்போமா என்று என் கை மறுபடி முந்தியது. நிஸாம் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அண்ணன், கொழும்புக்கு ஒருக்கா கேட்டுட்டுச் செய்வம்."

கொழும்பில் தரவு மீட்பதையே தொழிலாகச் செய்த ஒரு பெண்மணி இருந்தார். நாங்கள் அவரை நேரில் கண்டதில்லை. எங்களால் ஏலாததை அவரிடம் அனுப்புவோம். குரல் மட்டும்தான் பழக்கம். அதிகம் பேசமாட்டார், ஆனால் கேள்வி கேட்காமல் பதில் சொல்லமாட்டார். நிஸாமுடைய கைகளில் பலகை, என் கைகளில் பஞ்சும் இடுக்கியும். அதனால் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தோம். சுகந்தி என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

நிலைமையைச் சொன்னேன். கடல் தண்ணீர், அணைத்தது, கவிழ்த்தது, எல்லாம்.

"அதுக்குப் பிறகு பவர் குடுத்தீங்களா?" என்று குரல் கேட்டது.

நான் இடுக்கியை மேசையில் வைத்தேன்.

"ஹலோ? கேக்குதா? பவர் குடுக்கலன்னா கழுவிக் காயவச்சு நேரா வேற மெஷின்ல போட்டுப் படிக்கலாம். குடுத்திருந்தா போடவே கூடாது. உள்ள ஒரு பாகம் எரிஞ்சு ஷோர்ட் ஆகியிருக்கும். அப்படியே சொருகினா சிப்பும் சேர்ந்து போயிரும். ரெண்டும் வேற வேற வைத்தியம். அதனாலதான் கேக்கிறேன்."

என் முதுகுக்குப் பின்னால் சுகந்தியின் மூச்சுக் கேட்டது. தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பேசலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆம், அந்த நேரத்திலும் வந்தது. உங்களிடம் ஒளிக்க மாட்டேன். நிஸாம் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, ஆனால் அவரும் என் பதிலுக்காகத்தான் காத்திருந்தார்.

"ஓம் மிஸ்" என்றேன். "நான்தான் போட்டனான். இஞ்ச கடையில வைச்சு. கொஞ்ச நேரத்துக்கு முதல்."

"சரி. சொன்னது நல்லது" என்று மட்டும் அவர் சொன்னார்.

நான் திரும்பினேன். சுகந்தியின் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துறையில இருந்து இஞ்ச வரைக்கும் நடந்து வந்தனான்" என்றார். "ஒரு இடத்திலயும் நிக்கேல்லை."

"தெரியும் தங்கச்சி."

"படகில நான் திறந்ததாலதான் எண்டு நினைச்சன். நீங்களும் அப்பிடித்தான் சொன்னீங்கள்."

"பொய் சொன்னனான்."

அவர் மேசைக்குப் பக்கத்தில் வந்து தொலைபேசியைப் பார்த்துக் குனிந்தார். "அக்கா, நான்தான் இதின்ர சொந்தக்காரி. இதை உங்களிட்டக் கொண்டு வரட்டோ? இப்ப பஸ் எடுத்தால் பின்னேரம் வந்திடுவன்."

"வரலாம்மா. ஆனா உப்பு உங்களுக்காகக் காத்திருக்காது. கொழும்பு வந்து சேர ஏழு எட்டு மணித்தியாலம். அதுக்குள்ள அது தின்னுக்கிட்டே இருக்கும். இப்பவே கழுவணும். அங்க இருக்கிறவங்கதான் செய்யணும்."

அங்கே இருந்தது நான். சற்று முன் கெடுத்தவனின் கையிலேயே திரும்ப ஒப்படைக்க வேண்டும். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. அவர் ஒரு கதிரையை இழுத்து எங்கள் மேசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"செய்யுங்கோ" என்றார். "ஆனா ஒவ்வொண்டும் செய்யமுதல் எனக்குச் சொல்லவேணும். சொல்லி, நான் ஓம் எண்ட பிறகுதான் தொடவேணும்."

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடத்துக்கு மேல் அனுபவம், இலங்கைத்துறையிலிருந்து வந்த ஒரு சங்கச் செயலாளரிடம் அனுமதி கேட்டு வேலை செய்வதா? ஆனால் கேட்டேன். "இப்ப இந்தப் பலகையைக் காய்ச்சி வடிச்ச தண்ணியில கழுவப்போறன். உப்புப் போறதுக்கு." "ஓம்." "இப்ப அல்ககோலால துடைக்கப்போறன். தண்ணி போறதுக்கு." "ஓம்." "இப்ப நிஸாம் அளக்கப்போறார். எந்தப் பாகம் எரிஞ்சதெண்டு பாக்க." "மின்சாரம் குடுத்தோ?" "இல்லை, இது வெறும் மீற்றர்." "ஓம்."

கேலியாகத் தொடங்கியதோ என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. பாதி வேலையில் எனக்கே ஒன்று தெரிந்தது. ஒரு காரியத்தை வாயால் சொல்லும்போது அது முட்டாள்தனமாக இருந்தால் காதுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. "இப்ப நான் நனைஞ்ச கணினியைப் போட்டுப் பாக்கப்போறன்" என்று காலையில் வாய்விட்டுச் சொல்லியிருந்தால், நிஸாம் பாய்ந்து தடுத்திருப்பார். நானே தடுத்திருப்பேன்.

எரிந்தது குருணலை விடச் சிறிய ஒரு பாகம். கொழும்புக் குரல் படத்தை அனுப்பச் சொல்லி, பார்த்து, அதை எடுத்துவிடச் சொன்னது. அது இல்லாமலும் கொஞ்ச நேரம் ஓடலாம். ஓடாமலும் விடலாம். அன்று என் கையை நான் நம்பவில்லை. இடுக்கியை நிஸாமிடம் கொடுத்தேன். நிஸாமின் கை தண்ணீரில் மிதக்கும் தக்கை மாதிரி, எந்தப் பதற்றத்திலும் தாழாது. எடுத்தார்.

காய வைத்துப் பொருத்தும்போது மதியம் கடந்து மூன்று மணி. நாங்கள் மூவரும் ஒன்றும் சாப்பிடவில்லை. திரையில் கோப்புறைகளின் பட்டியல் வந்தது. முப்பத்தெட்டு. சுகந்தி ஒவ்வொரு கோப்புறைக்கும் குடும்பத் தலைவரின் பெயரையும் காணி அனுமதிப்பத்திர இலக்கத்தையும் பெயராக வைத்திருந்தார். நிஸாம் தன் கைபேசியை எடுத்து அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ் வரை படம் எடுத்தார். யாரும் சொல்லவில்லை, அவராகவே செய்தார்.

அடுத்ததுதான் உண்மையான சோதனை. பலகை எந்த நிமிடமும் நின்றுவிடலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக இழுத்துப் போட்டால் அகர வரிசையில்தான் போகும். அது நியாயமான வரிசை அல்ல. எது முதல், எது கடைசி என்று யார் முடிவு செய்வது? காலையில் என்றால் நான் முடிவு செய்திருப்பேன்.

"தங்கச்சி, இது எவ்வளவு நேரம் ஓடும் எண்டு சொல்ல ஏலாது. ஒவ்வொரு குடும்பமா எடுக்கப்போறன். எது முதல் எண்டு நீங்கள் சொல்லுங்கோ."

அவர் கண்ணை மூடினார். பிறகு பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். வீட்டில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாதவர்கள் முதலில். கணவன் இல்லாத பெண்கள். பிறகு வயதானவர்கள். பிறகு கையில் ஒரு பழைய நகலாவது இருப்பவர்கள். நான் எடுத்தேன், நிஸாம் ஒவ்வொன்றையும் திறந்து படம் சரியாக வந்ததா என்று பார்த்தார். பதினைந்து. இருபத்திரண்டு. சுகந்தி ஒருமுறை தவறாக ஒரு பெயரைச் சொல்லித் தானே திருத்தினார். முப்பது. முப்பத்து மூன்று.

முப்பத்து நான்காவது பாதியில் நின்றது. திரும்ப முயன்றோம். கொழும்பைக் கேட்டோம். இரண்டு தரம் ஆறவைத்துப் பார்த்தோம். பலகை அதன் பிறகு எந்தக் கணினிக்கும் தன்னைக் காட்டவில்லை.

"மிச்சம் அஞ்சு" என்றேன். "ஆரார்?"

"நாலு பேரிட்டப் பத்திரம் கையில இருக்கு. நாளைக்கு அவையைக் கொண்டரச் சொல்லலாம்."

"அஞ்சாவது?"

"எங்கட. அப்பாட பேரில."

நான் அவரைப் பார்த்தேன். அப்பா இறந்து நான்கு வருடம் என்றும், அந்த அனுமதிப்பத்திரம் போன வெள்ளத்தில் கூழாகிப் போனது என்றும் காலையிலேயே பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். வெள்ளத்தில் போனவை என்று சொன்னபோது முதலில் சொன்னதே அதைத்தான். துண்டுக் கடதாசியும் இல்லாதவர்கள் வரிசையில் அவர்தான் முதலாவதாக வந்திருக்க வேண்டும்.

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"மற்றவையிட்டப் பத்திரங்களைக் கேட்டு வாங்கினனான் அண்ணை. என்ரயை முதல் எடுத்திட்டு வேற ஆற்றயும் விடுபட்டால் நான் ஊருக்குப் போக ஏலாது."

புதிய பென்டிரைவ் மூன்று வாங்கி வந்து மூன்றிலும் கோப்புகளைப் போட்டோம். ஒன்றை அவர் கைப்பையிலும் ஒன்றைத் துணிப் பையிலும் வைத்தார். மூன்றாவதைக் கடையில் விட்டார். அச்செடுத்த தாள்கட்டைப் பொலித்தீனில் சுற்றிக் கொடுத்தோம். அன்று அன்புவழிபுரத்தில் மாமி வீட்டில் தங்கி விடியப் போவதாகச் சொன்னார். போகும்போது எனக்கு நன்றி சொல்லவில்லை. நிஸாமுக்குச் சொன்னார். அது சரிதான்.

அடுத்த நாள் வியாழக்கிழமை எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. திருப்புளியைத் தேடினேன், அது என் சட்டைப் பையில் இருந்தது. ஒரு கணினியைத் திறந்தேன், ஏன் திறந்தேன் என்று மறந்து மூடினேன். சுவரில் இருந்த காகிதத்தைக் கிழிக்கப் போய், கிழிக்காமல் திரும்பினேன். பத்து மணிக்கு நிஸாமிடம், "எனக்கு ஒரு சத்தியக் கடதாசி எழுதவேணும்" என்றேன்.

"என்னண்டு?"

"சுகந்தியின்ர அப்பாட கோப்புறை இருந்ததைக் கண்ணால கண்டனான், அதில இன்ன பேரும் இன்ன இலக்கமும் இருந்தது, அது அழிஞ்சது என்ர பிழையால எண்டு."

நிஸாம் யோசித்தார். "அண்ணன், கையெழுத்து வச்சா அது கோப்பில நிக்கும். ஊரெல்லாம் கதை வரும். கடைட பேரு போயிரும்."

"போகட்டும்" என்று வீரமாகச் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. சொல்லவில்லை. வெளியே போய் வாசலில் நின்றேன். உள்ளே வந்தேன். மறுபடி வெளியே போனேன். ஒரு மணித்தியாலம் இப்படி நடந்த பிறகுதான் சத்தியக் கடதாசியை உறுதிப்படுத்தும் சமாதான நீதவான் வீட்டுக்குப் போனேன். நிஸாமும் கூட வந்தார். பட்டியலைப் படம் எடுத்தது தான்தான் என்று அவரும் தனியாக ஒன்று எழுதி ஒப்பமிட்டார்.

வெள்ளிக்கிழமை விடிய மோட்டார் சைக்கிளில் கிளம்பி, கிண்ணியா, மூதூர் தாண்டிப் போனேன். விசாரணை நடந்த மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. சுகந்தி முன்வரிசையில் நின்று ஒவ்வொரு குடும்பத்தையும் பெயர் சொல்லி அழைத்து அதிகாரியின் மேசைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் இறுகியது. இன்னும் ஏதோ கெட்ட செய்தி கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். அவர் அப்பாவின் பெயர் வந்தபோது, "பத்திரம் இல்லை ஐயா" என்றார். நான் போய்க் கடதாசிகளை நீட்டினேன்.

அதிகாரி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "உங்கட பிழையாலதான் அழிஞ்சது எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்கள்?"

"ஓம் ஐயா."

"ஆராவது எழுதச் சொன்னவையோ?"

"இல்லை ஐயா. இந்தத் தங்கச்சிக்கு நான் வாறது தெரியாது."

எனக்குக் காது சுட்டது. அதிகாரி சுகந்தியைப் பார்த்து, "இதை வைச்சுக் காணி உறுதி செய்ய ஏலாது, பிள்ளை. ஆனா இலக்கம் இருக்கு. இலக்கம் இருந்தால் பழைய பதிவேட்டில தேடலாம். காலம் எடுக்கும். விண்ணப்பத்தை மூடாமல் வைக்கிறன்" என்றார். இரண்டு கடதாசிகளையும் சுகந்தியின் அப்பாவின் கோப்பில் குத்தினார்.

சுகந்தி அடுத்த பெயரை அழைத்தார். நான் வெளியே வந்து மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் என் பின்னால் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

கதை ஊரெல்லாம் வரத்தான் செய்தது. சிலர் வேறு கடைக்குப் போனார்கள். ஒருவர் வாசலில் நின்று, "நீங்கள் போட்டுப் பாக்கமாட்டீங்கள்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் கணினியைத் தந்தார். அவரிடம் நான் கோபிக்கவில்லை. கடையை மூடும் நாள் வரை, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், செய்யப்போவதை வாயால் சொல்லிவிட்டுத்தான் கை வைத்தேன். சுகந்தியைப் போல ஒருவர் எதிரில் இருந்து ஓம் சொல்வதாக நினைத்துக்கொள்வேன். உங்களையும் அப்படிச் செய்யச் சொல்கிறேன். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் போல இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். அழுத்துவதற்கு ஒரு நொடிதான் எடுக்கும், சொல்வதற்கு மூன்று நொடி. அந்த மூன்று நொடியைக் கொடுக்க முடியாத அவசரம் எதுவும் எங்கள் தொழிலில் இல்லை. நான் இருபத்தாறு வருடத்தில் ஒன்றைக்கூடக் காணவில்லை.

எட்டு மாதம் கழித்து, ஒரு முற்பகலில், சுகந்தி தொலைபேசியில் அழைத்தார். அன்றைக்குப் பிறகு அவர் குரலைக் கேட்டதில்லை.

"அண்ணை, பழைய பதிவேட்டில அப்பாட பேர் கிடைச்சிட்டுதாம். இலக்கமும் சரியாம். உறுதிப்படுத்திக் கடிதம் வந்திருக்கு."

நின்றுகொண்டிருந்த நான் கதிரையில் உட்கார்ந்தேன். நிஸாமுக்குக் கையால் சைகை காட்டினேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"இன்னொண்டு அண்ணை. காணிக் கந்தோரில சொன்னவை, உங்கட சத்தியக் கடதாசி இனி அதுக்குத் தேவையில்லையாம். வேணுமெண்டால் கேட்டு எழுதிக் குடுத்திட்டுத் திருப்பி எடுக்கலாமாம். எடுத்துக்கொண்டு வரட்டோ? உங்கட பேர் ஏன் அதில கிடக்கவேணும்?"

அவர் அதைக் கேட்டது என் மேல் இருந்த இரக்கத்தால் என்று எனக்குத் தெரிந்தது. அது மன்னிப்புத்தானா என்று இன்றுவரை தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

"வேண்டாம் தங்கச்சி" என்றேன். "உங்கட அப்பாட பத்திரத்தின்ர படம் இருந்திருக்க வேண்டிய இடம் அது. வெறுமையா விடவேண்டாம். என்ர கடதாசி அதில கிடக்கட்டும்."

அங்கால் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது. கடற்கரையில் நின்று பேசுகிறார் போல.

"சரி அண்ணை" என்றார். "அப்ப நான் ஒண்டும் எழுதிக் குடுக்கேல்லை."